தனியே பைக்கில் இமயத்தின் குளிர்பாலைக்கு: ஸ்ரீநகர் வழியா, மணாலி வழியா, ஸ்பிதியா?

மே மாதம் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான்: "அண்ணா, பன்னிரண்டு நாள் லீவு இருக்கு. தனியாகத்தான் போறேன். லே போக மணாலி வழி நல்லதா, ஸ்ரீநகர் வழியா? இல்ல, ஸ்பிதி மட்டும் போனா போதுமா?"

கடைசியில் வரும் அந்தப் 'போதுமா' எனக்கு உறுத்தும். லே இருக்கும் லடாக்குக்குப் போக முடியாதவர்கள் போகும் இடம்தான் ஹிமாச்சலின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கு என்று ஒரு நினைப்பு பரவிக் கிடக்கிறது. மூன்று வழிகளிலும் தனியாகப் போயிருக்கிறேன், இரண்டில் ஒருமுறைக்கு மேலேயே. அழகில் எதுவும் எதற்கும் குறைந்ததில்லை. மூன்றிலும் மலை உண்டு, மரமே இல்லாத மண்மலைப் பாலை உண்டு, டீக்கடையில் நம் ஊர் எது என்று விசாரிக்கும் சின்ன ஊர்களும் உண்டு. தனி ஆளுக்கு வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதலாவது, ராத்திரி தூங்கும் உயரம். பகலில் எந்தக் கணவாயைத் தாண்டினோம் என்பதைவிட, எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதுதான் உடம்பைப் பாதிக்கும். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், முந்தைய நாள் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறித் தூங்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. கூட்டமாகப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் தனியாகப் போகிறவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உயர நோய் முற்றும்போது முதலில் தடுமாறுவது நடையும் யோசனையும்தான். 'நீ சரியாக இல்லை' என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்காது. தனக்கே அது தெரியவும் தெரியாது.

இரண்டாவது, வண்டி நின்றால் அடுத்த மனிதர் வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது. மூன்றாவது, இரண்டு பெட்ரோல் பங்குக்கு நடுவே உள்ள தூரம். நான்காவது, சாலையின் குறுக்கே ஓடும் தண்ணீர். ஐந்தாவதாகத்தான் பணம், அதிலும் பட்ஜெட்டில் எழுதாத செலவுகள்தான் முக்கியம்.

| | ஸ்ரீநகர் – லே | மணாலி – லே | சிம்லா – காசா – மணாலி |
|---|---|---|---|
| தூரம் | சுமார் 420 கி.மீ. | சுமார் 430 கி.மீ. | சுமார் 600 கி.மீ. |
| மிக உயரமான கணவாய் | ஃபோட்டு லா, 4,108 மீ. | தக்லாங் லா, 5,328 மீ. | குன்சும் லா, சுமார் 4,550 மீ. |
| தூங்கும் உயரம் | கார்கில் 2,680 மீ., லே 3,500 மீ. | ஜிஸ்பா 3,200 மீ., சார்ச்சு 4,290 மீ. | கல்பா சுமார் 2,900 மீ., தாபோ 3,280 மீ., காசா சுமார் 3,700 மீ. |
| பெட்ரோல் | கவலை இல்லை | 300 கி.மீ.க்கு மேல் இடைவெளி | சுமார் 200 கி.மீ. இடைவெளி |
| வழியில் ஊர்கள் | நிறைய | தார்ச்சாவுக்குப் பின் ரும்ட்சே வரை கூடாரங்கள்தான் | காசா தாண்டி லோசர் வரை உண்டு |
| நல்ல மாதங்கள் | மே – அக்டோபர் | ஜூன் நடு – செப்டம்பர் | ஜூன், செப்டம்பர் |

## ஸ்ரீநகர் – லே: உடம்புக்கு இதமான வழி

இந்த வழியின் பெரிய பலம், ஏறி இறங்கி ஏறுவது. ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. சோனமார்கில் ஒரு ராத்திரி தூங்கினால் சுமார் 2,700. மறுநாள் 3,528 மீட்டரில் ஸோஜி லாவைத் தாண்டினாலும், டிராஸ் வழியாகக் கீழே இறங்கிக் கார்கிலில் படுக்கும்போது மறுபடி 2,680 மீட்டருக்கே வந்துவிடுகிறோம். அதற்கடுத்த நாள் நமிக் லா, ஃபோட்டு லா இரண்டையும் கடந்து, ஆல்ச்சி பக்கம் தங்கிவிட்டு லே போய்ச் சேரலாம். விமானத்தில் நேராக லேயில் போய் இறங்கியவர்கள் இரண்டு நாள் அறையில் படுத்திருக்கும்போது, இப்படி வந்தவர் பெரும்பாலும் கடைத்தெருவில் நடந்துகொண்டிருப்பார்.

ஊர்களுக்கும் குறைவில்லை. டிராஸில் தோலோலிங் மலையின் அடியில் 1999 கார்கில் போர் நினைவிடம் இருக்கிறது. நம் பக்கத்துப் பெயர்களையும் அந்தச் சுவரில் படிக்கும்போது ஏற்படும் கனம், வண்டியில் ஏறிய பிறகும் வெகுநேரம் கூட வரும். முல்பெக்கில் பாறையில் செதுக்கிய மைத்ரேயர் சாலையை ஒட்டியே நிற்கிறார். லாமாயுருவில் மண்மலை மஞ்சளாக உருகி வழிந்து உறைந்த மாதிரி இருக்கும். பைக்கை நிறுத்தாமல் போக மனம் வராது.

சரி, கஷ்டம் எங்கே? ஸோஜி லாவில். 2025 ஜனவரியில் திறந்த சோனமார்க் சுரங்கம் அதற்கு முந்தைய பனிச்சரிவுப் பகுதியைத்தான் தவிர்க்கிறது. ஸோஜி லாவின் சுரங்கம் இன்னும் வேலையில் இருக்கிறது. அதுவரை அந்தச் சேறும், லாரி வரிசையும், ஒருபக்கப் பள்ளமும் இருக்கத்தான் செய்யும். மழை பெய்தால் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். அமர்நாத் யாத்திரை நடக்கும் ஜூலை, ஆகஸ்டில் பால்டால் பக்கம் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் அதிகம். ஒரு நாளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இந்த மாதங்களில் வராதீர்கள். கிளம்பும் வாரத்தில் காஷ்மீரின் பாதுகாப்பு நிலவரத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மறைமுகச் செலவு ஒன்று உண்டு. வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டும்தான். இது மணாலி வழியாக லே போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். தனியாகப் போகிறவர் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே எண்ணைப் போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிட வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் ராத்திரி தூங்குவதற்கான செலவு அது.

## மணாலி – லே: எல்லாரும் கனவு காணும் வழி

படங்களில் நாம் பார்க்கும் லடாக் சாலை பெரும்பாலும் இதுதான். 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா லூப்ஸ், பாங் என்ற கூடார ஊருக்கு மேலே கிட்டத்தட்ட 40 கி.மீ. நீளத்துக்குத் தட்டையாக விரியும் மோரே சமவெளி, அப்புறம் 5,328 மீட்டரில் தக்லாங் லா. மோரே சமவெளியில் காலை வெயிலில் தனியாக வண்டி ஓட்டிய அந்த ஒரு மணி நேரத்தை எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் முதல்முறை தனியாகப் போகிறவரிடம் இந்த வழியில் ஏறாதே என்றுதான் சொல்வேன்.

காரணம், நடுவழியில் கூடாரத்தில் தூங்கும் இடமான சார்ச்சு. மணாலி சுமார் 2,050 மீட்டர். அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்தபின் ரோதாங் கணவாயில் ஏறாமலே லாஹோல் பக்கம் போய்விடலாம். முதல் ராத்திரி ஜிஸ்பாவில் 3,200. அதுவரை பரவாயில்லை. மறுநாள் பாரலாச்சா லாவைத் தாண்டிச் சார்ச்சுவில் தூங்கினால் 4,290. ஒரே நாளில் தூங்கும் உயரம் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் ஏறிவிடுகிறது. சார்ச்சுவைத் தவிர்த்துப் பாங் வரை போனாலோ அது இன்னும் உயரம்.

நான் முதல்முறை இப்படித்தான் ஏறினேன். சார்ச்சுவில் சாயங்காலம் தலைவலி. களைப்பு என்று நினைத்துப் படுத்தேன். விடியற்காலையில் எழுந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட உட்கார்ந்தேன். மூன்று முறை சுற்றியும் முடிச்சு விழவில்லை. விரல் விறைப்பு என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது. டீ கொண்டுவந்த கூடாரக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "எழுந்திருங்க, இந்தக் கோட்டு மேல நடங்க பார்ப்போம்" என்று கம்பளத்தின் ஓரத்தைக் காட்டினார். நான்கு அடியில் பக்கவாட்டில் சாய்ந்தேன். சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கீழே போகும் லாரி ஒன்றை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். தார்ச்சா பக்கம் இறங்க இறங்கத் தலை தெளிந்தது. வண்டியை எடுக்க இரண்டு நாள் கழித்து மறுபடி மேலே போனேன். அவர் அன்று பார்க்காமல் போயிருந்தால் நான் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பேன், காட்டா லூப்ஸில் எங்கோ ஒரு வளைவில் போயிருப்பேன்.

ஒரு காலின் விரல்நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கும் அந்தச் சோதனையை அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் செய்கிறேன். தடுமாறினால் ஏறக் கூடாது, அப்போதே இறங்க வேண்டும். உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரையை முன்கூட்டியே எடுப்பவர்கள் உண்டு. ஊரில் டாக்டரைப் பார்த்து, சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டோம் என்று சார்ச்சுவுக்கு அவசரப்படுவது தப்பு.

பெட்ரோல் விஷயம் சுலபம், ஆனால் மறக்கக் கூடாதது. கேலாங்குக்கு முன்னால் தாண்டியில் உள்ள பங்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று எழுதிய பலகை பிரபலம். சுரங்கம், சாலை மாற்றம் என்று எல்லாம் வந்தபின்னும் லே பக்கம் கரு வரும்வரை முன்னூறுக்கு மேல் ஓட்ட வேண்டும். மேலே காற்று அடர்த்தி குறைவு. தக்லாங் லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். எஞ்சின் திணறும், கீழ் கியரிலேயே ஏற வேண்டும், மைலேஜ் விழும். நான் ஐந்து லிட்டர் கேன் ஒன்று கட்டிக்கொண்டு போவேன்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். ஜிங்ஜிங்பார், பாரலாச்சா பக்கத்து ஓடைகள் பனி உருகி வருபவை. காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர் வெயில் ஏறியபின் முழங்காலுக்கு வரும். கூட்டமாகப் போனால் ஒருவர் நடந்து ஆழம் பார்ப்பார், இருவர் தள்ளுவார்கள். தனியாக இருந்தால் எதிரே ஒரு லாரி வரும்வரை நின்று, அது எந்தத் தடத்தில் கடக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இன்னொரு செலவைப் பலர் லே போய்த்தான் கண்டுபிடிக்கிறார்கள். மணாலியிலோ சண்டிகரிலோ வாடகைக்கு எடுத்த பைக்கில் லே வரை வரலாம். அங்கிருந்து நுப்ரா, பாங்காங் போக விட மாட்டார்கள், லேயில் வாடகைக்கு எடுத்த வண்டிதான் வேண்டும். ஆகவே ஒரு வண்டி சும்மா நின்று வாடகை ஏற, இன்னொரு வண்டிக்கும் வாடகை கொடுக்க வேண்டிவரும். ஸ்ரீநகர் வாடகை பைக்குக்கும் இதே கதைதான். சொந்த வண்டி, ஆர்சி உங்கள் பெயரில் இருந்தால் பிரச்சினை இல்லை. நண்பன் வண்டியை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

இந்த வழி யாருக்கு நல்லது? ஏற்கெனவே லேயில் ஒரு வாரம் இருந்து உடம்பு பழகியவருக்கு, திரும்பும் வழியாக. லேயிலிருந்து கிளம்பித் தக்லாங் லாவைத் தாண்டிச் சார்ச்சுவில் தூங்குவதும், கீழிருந்து ஏறிச் சார்ச்சுவில் தூங்குவதும் உடம்புக்கு ஒன்றில்லை. மோரே சமவெளியும் அப்போது மூச்சு வாங்காமல் பார்க்கக் கிடைக்கும்.

## சிம்லா – கின்னௌர் – ஸ்பிதி – மணாலி: தனி ஆளுக்கென்றே அமைந்தது

சட்லஜ் நதியைப் பிடித்துக்கொண்டே மேலே போகும் வழி இது. நார்கண்டாவின் தேவதாரு, ராம்பூரின் வெக்கை, கல்பாவில் ஜன்னலைத் திறந்தால் கின்னர் கைலாஸ், காப் என்ற இடத்தில் ஸ்பிதி நதி வந்து சட்லஜில் கலப்பது. அதோடு பச்சை முடிந்துவிடுகிறது. அதற்குமேல் மண்ணும் பாறையும்தான், நடுநடுவே ஒரு ஓடை இருக்கும் இடத்தில் மட்டும் ஆப்பிள் மரமும் பட்டாணி வயலுமாக ஒரு ஊர். தாபோ மடம் 996ஆம் ஆண்டில் கட்டியது. வெளியே வெறும் மண்சுவர். உள்ளே இருட்டுக்குக் கண் பழகியபின் நான்கு சுவரிலிருந்தும் சுதை உருவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். நம் பிரகதீஸ்வரர் கோயிலுக்குச் சில ஆண்டுகள் முந்தையது என்று நினைத்துக்கொண்டே அங்கே உட்கார்ந்திருந்தேன்.

உயரக் கணக்கும் தானாகவே ஒழுங்காக அமைகிறது: கல்பா, தாபோ, காசா. நாக்கோவில் ஏரி அழகுதான், ஆனால் அது 3,660 மீட்டர். அங்கே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, படுக்கத் தாபோவுக்கு இறங்கிவிடுங்கள். காசாவில் இரண்டு மூன்று ராத்திரி தங்கினால் கீ மடம், கிப்பர், லாங்சா, 4,400 மீட்டரில் தபால் நிலையம் இருக்கும் ஹிக்கிம் எல்லாவற்றையும் பகலில் ஏறிப் பார்த்துவிட்டு ராத்திரி காசாவுக்கே இறங்கலாம். சுமையையும் ஹோம்ஸ்டேயில் வைத்துவிட்டுப் போகலாம்.

உதவி விஷயத்தில்தான் இந்த வழி மற்ற இரண்டையும் தாண்டி நிற்கிறது. சாங்கோவுக்கு அருகே ஒருமுறை கிளட்ச் கேபிள் அறுந்தது. மாற்றுக் கேபிள் பையில் இருந்தது, லீவர் பக்கத்துத் திருகு துருப்பிடித்துச் சுழல மறுத்தது. பத்து நிமிடம் இருக்கும். மேலே தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் ஆப்பிள் மரத்துக்கு மருந்தடிக்கும் பம்பைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தார். பம்பைக் கழற்றும் அதே ஸ்பானரால் திருகைத் திருப்பினார். மதியம் அவர் வீட்டில் ராஜ்மாவும் சோறும். அந்தச் சாலையில் ஊர் இருக்கிறது என்பதற்கு அதுதான் அர்த்தம். தனியாகப் போகும் பெண்கள் கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வதும் இந்த வழிதான். தாபோவிலும் காசாவிலும் ஹோம்ஸ்டே என்றால் உண்மையிலேயே ஒரு குடும்பம் வாழும் வீடு, அடுப்பங்கரையில் அம்மாக்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.

குறைகளும் இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிதியில் மழை குறைவு என்பது சரிதான், ஆனால் அங்கே போகக் கின்னௌர் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே மலை சரியும். 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் ஓடும் பேருந்து மேலேயே சரிந்தது. 2023 ஜூலை வெள்ளத்தில் மணாலி பக்கத்துச் சாலையையும் பியாஸ் ஆறு பல இடங்களில் அடித்துப் போனது. அந்த இரண்டு மாதமும் வேண்டாம் என்பேன்.

அடுத்தது குன்சும் லா. லோசரைத் தாண்டியபின் பாத்தல், சத்ரு வழியாகச் சந்திரா நதியோடு இறங்கும் பாதைதான் இந்தப் பயணத்தில் மோசமானது. உருண்டைக் கற்கள், குறுக்கே பல ஓடைகள், போன் சிக்னல் கிடையாது. காசாவிலிருந்து விடிகாலையில் கிளம்பி ஓடைகளை மதியத்துக்குள் கடந்துவிட வேண்டும். கணவாய் மூடினால் வந்த வழியே முழுவதும் திரும்ப வேண்டும், அதுதான் இந்த வழியின் மிகப் பெரிய மறைமுகச் செலவு. பணமாகக் கையில் வைத்திருங்கள். காசாவில் ஏடிஎம் உண்டு, ஆனால் அதில் பணம் எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. பெட்ரோலுக்கு, கல்பாவுக்குக் கீழே உள்ள பவாரியில் நிரப்பினால் காசா வரை தாங்கும்.

வாடகை பைக் எடுப்பவருக்கு ஒரு லாபமும் இருக்கிறது. சண்டிகரில் எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, சண்டிகரிலேயே கொடுத்துவிடலாம். வேறு ஊரில் விடும் கட்டணம் இல்லை, இரண்டாவது வாடகையும் இல்லை.

## சொந்த வண்டியா, வாடகையா?

பன்னிரண்டு நாள் லீவில் சென்னையிலிருந்து ஓட்டிக்கொண்டே போவது கூடாது. டெல்லிக்கே 2,100 கி.மீ.க்கு மேல், அந்தக் களைப்போடு மலை ஏறுவீர்கள். ரயிலில் அனுப்பலாம். பெட்ரோலை முழுதாக வடிக்க வேண்டும், சாக்கு சுற்றிப் பேக்கிங் கூலி, ஆர்சி நகல், அப்புறம் வண்டி நீங்கள் போகும் அன்றே வந்து சேரும் என்ற உறுதி கிடையாது. எனக்கு ஒருமுறை மூன்று நாள் டெல்லியில் வீணானது. மூன்று வாரம் லீவு இருந்து லடாக் முழுக்கச் சுற்றுவதானால் சொந்த வண்டி, இல்லையென்றால் வாடகை. எடுக்கும்போது கிளட்ச், பிரேக் இரண்டையும் இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள், ஏற்கெனவே உள்ள கீறல்களைக் கடைக்காரர் முகமும் தெரிய வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்கும் ஸ்பிதி மூடிய கதவில்லை. ரெக்காங் பியோவிலிருந்து காசாவுக்கு ஹிமாச்சல் அரசுப் பேருந்து ஓடுகிறது.

## என் முடிவு

லேதான் போக வேண்டும், இரண்டரை வாரமாவது இருக்கிறது என்றால்: ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குங்கள். பன்னிரண்டு நாள், முதல்முறை, தனியாக என்றால் ஸ்பிதி. செப்டம்பர் பின்பாதியில் கிளம்பினால் கின்னௌரில் மழை குறைந்திருக்கும், ஆப்பிள் பழுத்திருக்கும், ஓடைகளிலும் தண்ணீர் குறைந்திருக்கும்.

முதல் நாள் சண்டிகர் போய் வண்டி எடுப்பது. இரண்டாம் நாள் நார்கண்டா. மூன்றும் நான்கும் கல்பாவில், நான்காம் நாள் எங்கும் போகாமல் உடம்பைப் பழக்குவதற்கு. ஐந்தாம் நாள் தாபோ. ஆறாம் நாள் தன்கார் மடம் பார்த்துவிட்டுக் காசா. ஏழும் எட்டும் காசாவைச் சுற்றி. ஒன்பதாம் நாள் குன்சும் தாண்டி மணாலி. பத்தாம் நாள் மணாலியில் ஓய்வு, பதினொன்றில் சண்டிகர். திரும்பும் விமானத்தைப் பன்னிரண்டாம் நாளுக்குப் போடுங்கள், பதினொன்றுக்கு வேண்டாம். குன்சும் மூடியிருந்தால் ஒன்பதாம் நாள் காசாவிலிருந்து கல்பாவுக்கே திரும்பி, பத்தாம் நாள் நார்கண்டா, பதினோராம் நாள் ராத்திரி சண்டிகர் என்று வந்து அதே விமானத்தைப் பிடித்துவிடலாம்.